திறந்த வாயின் தூரம்: கல்கத்தாவின் புட்டிகளும் மசகெண்ணெயும்

1857ஆம் ஆண்டு சனவரியில், கல்கத்தாவை அடுத்த தம்தம் படை முகாமில் ஒரு பேச்சு எழுந்தது. புதிதாக வந்திருக்கும் என்ஃபீல்டு துப்பாக்கியின் தோட்டா உறையில் பசுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் பூசப்பட்டிருக்கின்றன என்பதே அப்பேச்சு. தோட்டா துப்பாக்கிக் குழலுக்குள் தடையின்றி வழுக்கிச் செல்வதற்காகப் பூசப்பட்ட மசகு அது. ஆனால் உறையைப் பல்லால் கடித்துக் கிழிப்பதே அன்றைய பயிற்சி முறை. கருவிக்காக உண்டான மசகு மனிதனின் வாயைத் தொட்டது. மார்ச் 29 அன்று பாரக்பூரில் மங்கள் பாண்டேயின் எதிர்ப்பு வெடித்தது. சிப்பாய்கள் தங்களுக்கு உகந்த பொருளைத் தாங்களே பூசிக்கொள்ளலாம், உறையைக் கையால் கிழிக்கலாம் என்றெல்லாம் அரசு இறங்கி வந்தபோது காலம் கடந்துவிட்டிருந்தது.

1857இன் காரணங்கள் பல. அவற்றைக் கொழுப்பு ஒன்றுக்குள் அடக்குவது வரலாறாகாது. எனினும் அந்த நிகழ்வு ஒரு கேள்வியைத் தெளிவாக முன்வைத்தது. இயந்திரம் ஓட உதவும் பொருளும் மனித வாய்க்குள் செல்லும் பொருளும் எவ்வளவு நெருங்கலாம்? மசகின் உட்பொருள் இன்னதென்று அறியும் உரிமை யாருக்கு உண்டு? சிப்பாய்களின் கேள்வி சமயம் சார்ந்தது. அடுத்த நூற்றைம்பது ஆண்டுகளில் அதே கேள்வி உடல்நலம் சார்ந்ததாக மாறி, அதே கல்கத்தாவின் சோடாக் கடைகளையும் மருந்து ஆலைகளையும் பால் பண்ணைகளையும் எண்ணெய்க் கடைகளையும் வந்தடைந்தது. தொழில் வரலாறு எழுதியோர் பெரிதும் கண்டுகொள்ளாத இடம் இது. புட்டி நிரப்பும் ஆலையில், மூடி இடப்படாத புட்டி கடந்து செல்லும் சில மீட்டர் தூரமே இக்கட்டுரையின் பொருள்.

1. புட்டி ஏன் வழுக்க வேண்டும்?

கண்ணாடிப் புட்டியில் பானம் நிரப்பும் ஆலையொன்றில் பணிகள் ஒரு வரிசையில் அமைந்துள்ளன. திரும்பி வந்த காலிப் புட்டிகள் பெட்டியிலிருந்து எடுக்கப்பட்டுக் கழுவும் இயந்திரத்துக்குள் செல்கின்றன. அங்கே சூடான காஸ்டிக் சோடா கரைசலும் பின்னர் நல்ல நீரும் அவற்றைத் தூய்மையாக்குகின்றன. வெளிவந்த புட்டிகள் ஒளித்திரைக்கு முன்னே நகரும்போது கண்காணிப்பாளர் விரிசலும் அழுக்கும் உள்ளவற்றை அகற்றுகிறார். பிறகு நிரப்பும் இயந்திரம்; அதை ஒட்டியே மூடி பொருத்தும் இயந்திரம். கழுவியதிலிருந்து மூடி விழும் வரை புட்டியின் வாய் திறந்தே இருக்கும்.

இந்த இயந்திரங்களை இணைப்பது கன்வேயர். தட்டையான எஃகுத் தகடுகளைக் கோத்த சங்கிலி ஒன்று இடைவிடாது ஓட, அதன்மேல் புட்டிகள் நின்றபடி செல்கின்றன. சங்கிலி ஓடிக்கொண்டே இருக்கும். புட்டிகளோ அவ்வாறு ஓடிக்கொண்டே இருப்பதில்லை. நிரப்பும் இயந்திரத்தின் முன்னே அவை நெரிசலாகத் தேங்கி நிற்க, சங்கிலி மட்டும் அடியில் உராய்ந்தபடி நழுவுகிறது. அப்போது உராய்வு மிகுந்தால் புட்டி சாயும், ஒன்று சாய்ந்தால் பின்வருவன அதன்மேல் மோதும், கண்ணாடி உடையும், உடைந்த சில்லு அருகிலுள்ள திறந்த புட்டிக்குள் விழக்கூடும். உராய்வு குறைந்துபோனாலும் இடர்தான். புட்டி சங்கிலியோடு சேர்ந்து நகராமல் நின்ற இடத்திலேயே நிற்கும். ஆகவே கண்ணாடியின் அடிப்பாகத்துக்கும் எஃகுக்கும் இடையே, மிகையும் குறையும் இல்லாத மெல்லிய மசகுப் படலம் தேவை.

வேகத்தைக் கணக்கிட்டால் இதன் அருமை விளங்கும். நிமிடத்துக்கு 300 புட்டிகள் நிரப்பும் வரிசையில் நொடிக்கு 5 புட்டிகள் செல்கின்றன. எட்டு மணி நேரப் பணிமுறை ஒன்றில் 1,44,000 திறந்த வாய்கள் ஒரே பாதையைக் கடக்கின்றன. அப்பாதைக்கு மேலே மோட்டாரும் கியர்பாக்ஸும் பேரிங்குகளும் உள்ளன. பாதையின்மீதே மசகு தெளிக்கப்படுகிறது. புட்டி வழுக்கிச் செல்ல வேண்டும். வழுக்க வைத்த பொருளோ புட்டிக்குள் செல்லக் கூடாது. ஆலைப் பொறியாளரின் சிக்கல் முழுவதும் இந்த ஒற்றை முரணில் அடங்கும்.

2. கையால் சுற்றிய காலம்

இம்முரண் எப்போதும் இருந்ததில்லை. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கப்பலேறி வந்த சோடாப் புட்டிகள் பல, முட்டை வடிவிலோ கூரிய அடியுடனோ இருந்தவை. அவற்றை நிமிர்த்தி நிறுத்த முடியாது. படுக்க வைத்தே ஆக வேண்டும். படுத்திருந்தால் தக்கை நனைந்தபடி இருக்கும், வாயு கசியாது என்பதே அவ்வடிவத்தின் நோக்கம். நிற்க முடியாத புட்டிக்கு ஓடும் வரிசை என்ற கருத்தே பொருந்தாது.

1872இல் ஹைரம் காட் காப்புரிமை பெற்ற புட்டி, தமிழர் நன்கறிந்த கோலி சோடா புட்டியே. கழுத்துக்குள் கண்ணாடிக் கோலியும் ரப்பர் வளையமும் உண்டு. புட்டியைச் சட்டத்தில் பொருத்தி, வாயுவேற்றிய நீரை நிரப்பி, சுழற்றித் தலைகீழாக்கினால் கோலி வளையத்தில் அமர்ந்து வாயை அடைத்துவிடும். நிரப்புதலும் அடைத்தலும் ஒரே சட்டத்தில், ஒரே சுழற்சியில் முடிந்தன. திறந்த வாயோடு புட்டி பயணம் செய்த தூரம் ஏறத்தாழ இல்லை. கல்கத்தாவின் சந்துகளிலும் சென்னையின் தெருக்களிலும் இயங்கிய சிறு சோடா ஆலைகள் நீரின் தூய்மையில் தவறியிருக்கலாம். ஆனால் கன்வேயரில் சொட்டும் மசகு என்ற இடர் அவற்றுக்கு இல்லை.

அக்காலத்து மசகும் வேறு. வங்காளத்தில் மிகுதியாகக் கிடைத்த ஆமணக்கு எண்ணெய், அதாவது விளக்கெண்ணெய், இந்திய ரயில்வேக்களின் சக்கர அச்சுகளுக்கு மசகாகவும் விளக்குகளுக்கு எரிபொருளாகவும் பயன்பட்டது. கல்கத்தாவின் ஆலைகள் அதைப் பிழிந்து கடல் கடந்தும் அனுப்பின. அதே எண்ணெய் மருந்துக் கடையில் பேதிக்கு விற்கப்பட்டது. முதல் உலகப் போரில் சுழல்வகை விமான எஞ்சின்களை ஓட வைத்ததும் ஆமணக்கு எண்ணெயே. 1909இல் பெயர் சூட்டப்பட்ட காஸ்ட்ரால் என்னும் மசகெண்ணெய் தன் பெயரின் முற்பாதியை இதனிடமிருந்தே பெற்றது. தவறி வாய்க்குள் சென்றாலும் வயிற்றைக் கலக்குவதோடு நின்றுவிடும் எண்ணெய், உலகின் இயந்திரங்களை ஓட்டிய காலம் ஒன்று இருந்தது.

அக்காலத்தில் கல்கத்தாவில் புட்டி அடைக்கும் தொழிலுக்கு அறிவியல் அடித்தளம் இட்ட முயற்சிகளுள் ஒன்று பெங்கால் கெமிக்கல். 1892இல் வேதியியல் பேராசிரியர் பிரபுல்ல சந்திர ராய், அப்பர் சர்க்குலர் சாலையில் 91ஆம் எண் வீட்டில், சுமார் 700 ரூபாய் முதலீட்டில் அதைத் தொடங்கினார். 1901இல் அது வரையறுக்கப்பட்ட நிறுவனமாயிற்று. 1905இல் மாணிக்தலா ஆலை எழுந்தது. ஓம நீர், ஆடாதோடைச் சாறு, நிலவேம்புச் சாறு எனக் கைவைத்தியப் பொருள்கள் அளவும் தரமும் குறிக்கப்பட்ட புட்டிகளில் மக்களைச் சென்றடைந்தன. அயல்நாட்டு மருந்தே தூயது என்ற எண்ணத்தை முறியடிக்க வேண்டுமானால், புட்டிக்குள் உள்ளது பெயர்ச்சீட்டில் எழுதியதாகவே இருக்க வேண்டும். சுதேசி உணர்வுக்கும் புட்டியின் தூய்மைக்கும் இருந்த தொடர்பு இதுவே.

3. தகர டின்னும் மண்ணெய்யும்

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இரண்டு மாற்றங்கள் ஒருங்கே வந்தன. ஒன்று புட்டியில் நிகழ்ந்தது. 1892இல் வில்லியம் பெயின்டர் காப்புரிமை பெற்ற கிரவுன் மூடியும், அடுத்த பத்தாண்டுகளில் மைக்கேல் ஓவன்ஸ் உருவாக்கிய தானியங்கிப் புட்டி இயந்திரமும் தட்டையான அடியும் ஒரே உயரமும் கொண்ட புட்டிகளைப் பெருக்கின. நிற்கும் புட்டி வந்தவுடன் ஓடும் வரிசை இயல்வதாயிற்று. நிரப்பும் இயந்திரமும் மூடி இடும் இயந்திரமும் தனித்தனியே பிரிந்தன. அவற்றினிடையே திறந்த வாயின் தூரம் பிறந்தது.

மற்றொன்று எண்ணெயில் நிகழ்ந்தது. கல்கத்தாவுக்குத் தெற்கே ஹூக்ளிக் கரையில் பட்ஜ்பட்ஜ் பெட்ரோலியக் கிடங்குகளின் ஊராயிற்று. பர்மாவிலிருந்து எண்ணெய் வந்தது. 1901இல் அசாமின் டிக்பாய் சுத்திகரிப்பு ஆலையும் இயங்கத் தொடங்கியது. மண்ணிலிருந்து வந்த மசகு, ஆமணக்கு எண்ணெயைப் படிப்படியாக ஒதுக்கியது. விலையிலும் நீடித்த உழைப்பிலும் அது மேம்பட்டது. தாவர எண்ணெயைப் போலக் காற்றுப் பட்டுப் பிசுபிசுப்பாவதில்லை. ஆனால் அது உணவின் குடும்பத்தைச் சேர்ந்ததன்று. பின்னாளில் அதனுடன் தேய்மானத்தைத் தடுக்கவும் அழுத்தத்தைத் தாங்கவும் வேதிச் சேர்மங்கள் கலக்கப்பட்டபோது, உணவுக்கும் மசகுக்கும் இருந்த பழைய உறவு முற்றிலும் அறுந்தது.

மண்ணெய் வந்த நான்கு கேலன் தகர டின் மட்டும் அந்த எல்லையைத் தாண்டி உலவியது. இந்தியா முழுவதும் அந்த டின் தண்ணீர்க் குடமாகவும் அரிசிப் பாத்திரமாகவும் கடுகெண்ணெய்க் கலமாகவும் மறுபிறவி எடுத்தது. புட்டியும் அவ்வாறே. பழைய புட்டி வாங்குவோர் ‘சிஷி போதல்’ என்று கூவிச் செல்லும் குரல் கல்கத்தா தெருக்களின் அடையாளங்களுள் ஒன்று. திரும்பி வரும் புட்டி இடையில் ஃபினாயில் தாங்கியதா, மண்ணெய் தாங்கியதா, இயந்திர எண்ணெய் தாங்கியதா என்று புட்டியே சொல்லாது. ஆலைகளின் கழுவும் இயந்திரமும் காஸ்டிக் சோடாவும் ஒளித்திரைக் கண்காணிப்பும் இந்த ஐயத்தின் விளைவாகவே இன்றியமையாதவை ஆயின.

4. சோப்பு நீரும் ஹூக்ளி நீரும்

ஓடும் சங்கிலிக்கு எதைப் பூசுவது? மண்ணெண்ணெய்க் குடும்பத்து மசகு புட்டியின் அடியில் ஒட்டிக்கொள்ளும்; பெயர்ச்சீட்டைக் கறைப்படுத்தும்; வாடிக்கையாளரின் கையை அடையும். உலகெங்கும் ஆலைகள் நெடுங்காலம் கைக்கொண்ட விடை சோப்பு நீர். தாவர அல்லது விலங்குக் கொழுப்பு அமிலங்களைப் பொட்டாசியம் காரத்தோடு சேர்த்து உண்டாக்கிய மென்சோப்பை நூறு பங்கு நீரில் ஒரு பங்கு என்ற அளவிலோ அதற்கும் குறைவாகவோ கரைத்து, சங்கிலியின்மேல் தெளிப்பார்கள். அது வழுக்கும், அதே நேரத்தில் சிந்திய பானத்தையும் கண்ணாடித் தூளையும் கழுவிச் செல்லும். ஒரே நீர் மசகாகவும் துப்புரவாகவும் செயல்பட்டது.

சோப்புக்கு ஒரு பகை உண்டு. அது கடின நீர். நீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத வெண்படிவமாகும். வீட்டில் துணி துவைக்கும்போது நுரை எழாமல் திரிதிரியாகப் பிரிவது இதனால்தான். ஆலையில் அப்படிவம் தெளிப்பு முனைகளை அடைக்கும். சங்கிலியின் இணைப்புகளில் அப்பும். பானத்தின் சர்க்கரையோ பாலின் கொழுப்போ அதில் சேர்ந்தால் நுண்ணுயிர்கள் வளரும் சளிப்படலமாகும்.

கல்கத்தாவில் நீரின் தன்மை நிலையானதாக இருந்ததில்லை. 1870ஆம் ஆண்டுவாக்கில் பல்தாவில் அமைந்த நீரேற்று நிலையம் ஹூக்ளி நீரை வடிகட்டி நகருக்குத் தந்தது. ஆனால் கங்கையின் பெருநீர் பத்மா வழியே திரும்பிவிட்டதால், ஹூக்ளியில் மேல்நீர் குன்றும் கோடை மாதங்களில் கடலின் உப்பு ஆற்றில் ஏறி வந்தது. 1975இல் ஃபராக்கா தடுப்பணை இயங்கத் தொடங்கியதன் நோக்கங்களுள் துறைமுகத்தின் வண்டலை அகற்றுதலோடு இவ்வுப்பைத் தணித்தலும் அடங்கும். நகரின் நிலத்தடி நீரோ பல இடங்களில் கடினமும் இரும்பும் மிக்கது. ஆகவே இந்நகரத்து ஆலைக்கு நீரை மென்மையாக்குவது பானத்தின் சுவைக்கு மட்டுமன்று, சங்கிலி ஓடுவதற்கும் தேவையாயிற்று. கால்சியத்தைப் பற்றிக்கொள்ளும் சேர்மங்களைச் சோப்பில் கலப்பதும், பின்னர் சோப்புக்கு மாற்றாக அமீன் வகை மசகுகளை ஏற்பதும் உலகத் தொழில்துறை இச்சிக்கலுக்குக் கண்ட வழிகள்.

விடுதலைக்குப் பின் நகரின் பால் விநியோகம் அரசின் பொறுப்பானபோது திறந்த வாயின் சிக்கல் கூர்மையடைந்தது. நதியா மாவட்டத்து ஹரிண்கட்டா பண்ணையின் பெயரிலேயே வழங்கிய பால், அலுமினியத் தாள் மூடியிட்ட கண்ணாடிப் புட்டிகளில் விற்பனைக் கூடங்களை அடைந்தது. விடியலில் கூடத்தின் முன்னே காலிப் புட்டியோடு வரிசையில் நிற்பது ஒரு தலைமுறையின் அன்றாடம். சோடாப் புட்டியின் வாய் குறுகியது. பால் புட்டியின் வாய் அகன்றது. மேலிருந்து விழும் துளியை ஏற்கும் பரப்பு பால் புட்டியில் பன்மடங்கு. அதைக் குடிப்போரோ பெரும்பாலும் குழந்தைகளும் நோயாளிகளும்.

இத்தகைய ஆலைகளில் பழக்கத்தால் உருவாகி, பின்னர் நெறிகளாக எழுதப்பட்ட முறைமைகள் எளியவை. திறந்த புட்டிப் பாதைக்கு நேர் மேலே மோட்டாரோ கியர்பாக்ஸோ அமைக்கக் கூடாது. தவிர்க்க இயலாவிடில் அதன்கீழே சொட்டுத் தட்டு வேண்டும். மசகைப் புட்டிகள் ஏறும் முன்னரே வெறும் சங்கிலியில் இட வேண்டும். புட்டிகளின் நடுவே பீய்ச்சக் கூடாது. தெளிப்பு முனையின் அழுத்தம் தாழ்ந்திருக்க வேண்டும்; இல்லையேல் சிதறிய திவலை வாய்க்குள் புகும். நுரை மிகக் கூடாது. நுரை ஏறினால் கண்காணிப்பாளரின் கண்ணை மறைக்கும். கிரீஸ் துப்பாக்கியைக் கையில் எடுத்தவர் மிகுந்த கிரீஸைத் துடைத்துவிட்டே நகர வேண்டும். இவற்றுள் எதுவும் பெரும் கண்டுபிடிப்பு அன்று. கடைநிலைப் பணியாளர் ஒருவர் நாள்தோறும் சலிப்பின்றிச் செய்தால் மட்டுமே உயிர்பெறும் ஒழுங்கு இது.

5. மதில் இல்லாத இடத்தில்: பேஹாலா, 1988

ஆலைக்குள் இவ்வளவு காவல் எதற்கு என்ற கேள்விக்கு விடை, ஆலைக்கு வெளியே, கல்கத்தாவின் தென்மேற்குப் பகுதியான பேஹாலாவில் கிடைத்தது.

சமையல் எண்ணெயால் நோயுறுவது இந்நகருக்குப் புதிதன்று. கடுகெண்ணெயில் பிரமதண்டு விதையின் எண்ணெய் கலப்பதால் உண்டாகும் கொள்ளை நீர்க்கோவை நோய் 1877இல் கல்கத்தாவில்தான் முதன்முதலாகப் பதிவாயிற்று. 1919இன் வங்காள உணவுக் கலப்படச் சட்டமும் 1954இன் மத்தியச் சட்டமும் இத்தகைய கலப்படங்களைத் தடுக்க எழுந்தவை. ஆனால் 1988 சூலையில் பேஹாலாவில் நேர்ந்தது வேறு வகை. காலில் வலி, பின்னர் தளர்ச்சி, பாதத்தைத் தூக்க இயலாத நிலை என்று ஒருவர் பின் ஒருவராக மருத்துவமனையை நாடினர். 600க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். அவர்கள் உண்ட ராப்சீட் எண்ணெயில் டிரைகிரெசில் பாஸ்பேட் என்னும் சேர்மம் கண்டறியப்பட்டது.

இச்சேர்மம் மசகெண்ணெயில், குறிப்பாக விமான எஞ்சின் மசகில், தேய்மானத்தைத் தடுக்கச் சேர்க்கப்படுவது. நெகிழியை மென்மையாக்கவும் பயன்படுவது. நிறமும் மணமும் பெரிதாக இல்லை. உண்டவுடன் கொல்வதும் இல்லை. ஓரிரு வாரங்கள் கழித்தே நீண்ட நரம்பிழைகள் சிதையத் தொடங்கும். உண்டதற்கும் நோய்க்கும் இடையே நாள்கள் கழிந்துவிடுவதால், குற்றவாளி எண்ணெய்தான் என்று வீட்டார் உணர்வதற்குள் அதே எண்ணெயில் மேலும் பல வேளைச் சமையல் முடிந்திருக்கும்.

உலக வரலாற்றில் இதற்கு நீண்ட வரிசை உண்டு. 1930இல் அமெரிக்காவில் சிறு புட்டிகளில் விற்ற இஞ்சிச் சாரத்தில் இது கலந்து பல்லாயிரம் பேரை முடமாக்கியது. 1959இல் மொரோக்கோவில் உபரியாக விற்கப்பட்ட விமான எஞ்சின் மசகைச் சமையல் எண்ணெயோடு கலந்து விற்றதால் சுமார் 10,000 பேர் பாதிக்கப்பட்டனர்.

தமிழ் வாசகர் மறக்கலாகாத நிகழ்வு இலங்கையில் 1977–78இல் நடந்தது. இருபதுக்கும் மேற்பட்ட தமிழ்ச் சிறுமியர் கைகால் தளர்ந்து மருத்துவரிடம் வந்தனர். அனைவரும் அண்மையில் பூப்பெய்தியவர்கள். பூப்பெய்திய பெண்ணுக்கு நல்லெண்ணெயும் பச்சை முட்டையும் பல நாள் தொடர்ந்து கொடுப்பது வழக்கம். உடலுக்கு வலுவூட்ட அன்னையர் ஊட்டிய அந்த நல்லெண்ணெயிலேயே டிரைகிரெசில் பாஸ்பேட் இருந்தது. ஆய்ந்த மருத்துவர்கள் சுட்டிய காரணம் கவனத்துக்குரியது: முன்னர் கனிம எண்ணெய் வைத்திருந்த கலன்களில் நல்லெண்ணெய் கொண்டுவரப்பட்டதால் மாசு நேர்ந்திருக்கலாம் என்பதே அது.

மொரோக்கோவில் பேராசை, இலங்கையில் கழுவப்படாத கலன். நோக்கங்கள் வேறாயினும் விளைந்த இடம் ஒன்றே. மசகுக்கும் உணவுக்கும் நடுவே இருக்க வேண்டிய மதில் அங்கே இல்லை. புட்டி ஆலையில் சொட்டுத் தட்டும் கழுவும் இயந்திரமும் கண்காணிப்பாளரின் கண்ணும் ஆகிய மூன்றும் சேர்ந்து எழுப்பும் மதில் அது. சில்லறை எண்ணெய்க் கடையில் அளவைக் குவளையும் புனலும் பழைய டின்னும் மட்டுமே இருந்தன.

6. தூரம் குறைந்த கதை

1970இல் தொடங்கிய வெண்மைப் புரட்சித் திட்டம், பம்பாய், தில்லி, சென்னையோடு கல்கத்தாவையும் தன் முதற்கட்ட நகரமாகக் கொண்டது. 1978இல் டான்குனியில் மதர் டெய்ரி நிறுவப்பட்டது. காலப்போக்கில் கண்ணாடிப் புட்டியின் இடத்தை நெகிழிப் பை பிடித்தது. உடையாமை, எடைக்குறைவு, திரும்பப் பெற வேண்டாமை என்பனவே இம்மாற்றத்துக்குப் பெரும்பாலும் சொல்லப்படும் காரணங்கள். மற்றொரு காரணமும் நினைக்கத்தக்கது. பை இயந்திரம், நெகிழிச் சுருளிலிருந்து பையை உருவாக்கி, நிரப்பி, ஒட்டி, வெட்டி ஓரிடத்திலேயே முடித்துவிடுகிறது. திறந்த கலம் ஒன்று பயணம் செய்வதே இல்லை. கோலி சோடாவின் சுழலும் சட்டம் இழந்த நற்பண்பை, நூறாண்டு கழித்து நெகிழி மீட்டது. அதற்கு ஈடாக நகரின் வடிகால்கள் நெகிழிக் குப்பையை ஏற்றன.

பெட் புட்டிகள் வந்தபோதும் இதே திசைதான். வெறும் பெட் புட்டி எடையற்றது, சங்கிலியில் நிற்காது. ஆகவே கழுத்து வளையத்தைப் பிடித்துக் காற்றால் தள்ளும் பாதைகள் வந்தன. அங்கே அடிப்பாகத்துக்கு மசகே வேண்டியதில்லை. பின்னர் புட்டியை ஊதி உருவாக்குதல், நிரப்புதல், மூடுதல் ஆகிய மூன்றும் ஒரே தொகுதியில் இணைந்தன. பழைய காரச் சோப்பும் அமீன் மசகும் சில நிலைகளில் பெட் புட்டியின் அடியில் நுண்விரிசலை உண்டாக்கியதால், மசகின் வேதியியலும் மாறியது. நீரைத் தாராளமாகப் பாய்ச்சிய இடத்தில், சிலிகோன் போன்றவற்றைச் சிறு துளிகளாக இடைவெளி விட்டுப் பூசும் ‘உலர்’ மசகு பரவியது. தரை நனையாது, பணியாளர் வழுக்கி விழார், சாக்கடைக்குச் செல்லும் நீர் குறையும். ஆனால் கழுவிச் செல்லும் நீரும் இல்லாமற்போவதால், சங்கிலியைத் தனியே துப்புரவு செய்யும் கடமை கூடுகிறது.

புட்டியைத் தொடாத மசகுகளுக்கும் வரையறை வந்தது. உணவுடன் தற்செயலாகத் தொடர்பு நேரக்கூடிய இடங்களுக்கான மசகு ‘எச்1’ எனப்படும். அமெரிக்க வேளாண் துறை 1998 வரை இப்பட்டியலைப் பேணியது. 1999 முதல் என்எஸ்எஃப் என்னும் அமைப்பு பதிவு செய்கிறது. இந்திய ஆலைகள் பலவும் இக்குறியீட்டை நாடுகின்றன. இவ்வகைக் கனிம எண்ணெய்க்கு அமெரிக்க விதி வகுத்த உச்ச அளவு, உணவில் பத்து இலட்சத்தில் 10 பங்கு. இதைப் புட்டி அளவில் நினைத்துப் பார்க்கலாம். எண்ணெய்த் துளி ஒன்றின் எடை சுமார் 25 மில்லிகிராம். 200 மில்லி பானத்தில் அது ஒன்று விழுந்தால் பத்து இலட்சத்தில் 125 பங்கு. வரம்பைப் போலப் பன்னிரண்டரை மடங்கு. உணவுத்தர மசகாக இருந்தாலும், ஒரே ஒரு துளி அப்புட்டியை உண்ணத் தகாததாக்கிவிடும். ‘உணவுத்தரம்’ என்ற சொல், சொட்டலாம் என்பதற்கான உரிமம் அன்று என்பதை இக்கணக்கு உணர்த்தும்.

எச்1 மசகுகளுக்கு விற்பனையாளர்கள் பெறும் சான்றிதழ்களில் ஹலாலும் கோஷரும் இடம்பெறுகின்றன. விலங்குக் கொழுப்பு இல்லை என்று எழுதித் தருவதும் உண்டு. தம்தம் சிப்பாய்கள் 1857இல் கேட்டுப் பெற முடியாத உறுதிமொழியை, இன்றைய ஆலை தன் மசகு விற்பனையாளரிடம் எழுத்தில் வாங்குகிறது. உட்பொருளை மறைப்பது ஆட்சியையே ஆட்டுவிக்கும் என்று அன்று கற்ற பாடத்தின் வணிக வடிவமாக இதைக் கொள்ளலாம்.

7. முடிவாக

புட்டித் தொழிலின் வரலாறு பொதுவாக வேகத்தின் வரலாறாகவே எழுதப்படுகிறது: நிமிடத்துக்கு எத்தனை புட்டி, ஆண்டுக்கு எத்தனை கோடி. கல்கத்தாவின் சான்றுகள் வேறோர் அளவுகோலைப் பரிந்துரைக்கின்றன. மூடியில்லாத கலம் எவ்வளவு தூரம் செல்கிறது? அத்தூரத்தில் அதன் அருகே இருக்கும் மசகு எது? அந்த மசகு இன்னதென்று குடிப்பவர் அறிய முடியுமா? இம்மூன்றுக்கும் நல்ல விடை தரும் ஆலையே முன்னேறிய ஆலை.

அவ்வளவுகோலால் பார்த்தால், பெரிய ஆலைகளில் தூரம் குறைந்துவிட்டது. சிறு வணிகத்தில் அது இன்னும் நீள்கிறது. பழைய டின்னில் விற்கும் எண்ணெயும், கழுவிய சுவடே இல்லாத புட்டியில் அடைத்த பானமும் நகரத்து ஏழைகளின் பங்காகவே உள்ளன. பேஹாலாவில் கால் தளர்ந்தவர்களும் இலங்கையின் சிறுமியரும் அந்தத் தூரத்தின் விலையைத் தங்கள் நரம்புகளால் செலுத்தினார்கள். ஆலை மதிலுக்குள் சொட்டுத் தட்டாக வடிவெடுத்த அறிவு, கடைத்தெருவின் புனலுக்கும் டின்னுக்கும் சென்று சேராத வரை, இவ்வரலாறு முடிந்ததாகக் கொள்ள இயலாது.